சுற்றுலாக் கப்பலில் இரவுப் பந்தி நேரமும் பஃபேயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்று, அங்கிருந்து பெரிய சுற்றுலாக் கப்பலில் ஏறும் குடும்பங்களுக்குப் பயண ஏற்பாடு செய்து கொடுப்பது என் தொழில். விசா, விமானம், கப்பல் அறை என எல்லாம் பேசி முடித்த பிறகு, எழுந்து கிளம்பும் நேரத்தில் வருகிற கேள்விகள் பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றியவை. அவை திரும்பத் திரும்ப வருவதால் இங்கே தொகுத்திருக்கிறேன். நேரங்கள் கப்பலுக்குக் கப்பல் அரை மணி, ஒரு மணி முன்பின் மாறும். உங்கள் கப்பலின் சரியான நேரம் அந்நிறுவனத்தின் செயலியிலும், அறைக்கு வந்து சேரும் அன்றாட நிகழ்ச்சித் தாளிலும் இருக்கும்.

டிக்கெட் காசுலயே சாப்பாடு வந்துடுமா, தனியா கட்டணுமா?

காலை, மதியம், இரவு ஆகிய மூன்று வேளைச் சாப்பாடும் கட்டணத்தில் அடங்கும். பெரிய டைனிங் ஹால், மேல் தளத்தில் இருக்கும் பஃபே, பீட்சா போன்ற சில சிறு கவுண்டர்கள் ஆகியவற்றுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டாம். தண்ணீர், தேநீர், சாதாரண காபி ஆகியவையும் பஃபேயில் இலவசமாகக் கிடைக்கும்.

குளிர்பானம், மது, சிறப்பு உணவகங்கள் ஆகியவற்றுக்குத் தனிக் கட்டணம் உண்டு. எந்த உணவகம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது செயலியில் அதன் பெயரின் கீழேயே குறிக்கப்பட்டிருக்கும். உட்காருவதற்கு முன் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

ஃபர்ஸ்ட் சிட்டிங், செகண்ட் சிட்டிங்னு கேக்கறாங்களே, அது என்ன?

நம் கல்யாண மண்டபத்தில் முதல் பந்தி, இரண்டாம் பந்தி என்று சொல்வோமே, அதேதான். முதல் பந்தி பெரும்பாலும் மாலை 5.30 மணியை ஒட்டியும், இரண்டாம் பந்தி இரவு 8 மணியை ஒட்டியும் தொடங்கும். சிங்கப்பூரிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களில் 3,000, 4,000 பேர் பயணம் செய்கிறார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்காவில் பயணத்தைத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் கப்பலில் அதிகபட்சமாக 7,600 பேர் வரை ஏறலாம். இத்தனை பேரை ஒரே நேரத்தில் உட்கார வைக்கும் அளவுக்கு எந்த டைனிங் ஹாலும் பெரிதில்லை என்பதால், பாதிப் பேர் முன்னும் பாதிப் பேர் பின்னுமாகப் பிரிக்கப்படுகிறார்கள்.

கல்யாணப் பந்திக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. இங்கே இடம் பிடிக்க யாருடைய நாற்காலிக்குப் பின்னாலும் நிற்க வேண்டியதில்லை. உங்களுக்கு ஒரு மேசை எண் தரப்படும். பயணம் முழுவதும் ஒவ்வோர் இரவும் அதே மேசை, அதே வெயிட்டர். இரண்டாம் நாளிலேயே அவருக்கு உங்கள் வீட்டுப் பெரியவருக்கு ஐஸ் போடாத தண்ணீர்தான் வேண்டும் என்பது தெரிந்திருக்கும். நிலையான நேரத்தை நான் விரும்பிப் பரிந்துரைப்பதற்கு இதுவே முதல் காரணம்.

டைம் எல்லாம் ஃபிக்ஸ் பண்ணாம, எப்ப பசிக்குதோ அப்ப போக முடியாதா?

முடியும். பல நிறுவனங்கள் இரண்டு முறைகளையும் வைத்திருக்கின்றன: ஒன்று நிலையான பந்தி, மற்றொன்று மாலை முதல் இரவு வரை உங்களுக்கு ஏற்ற நேரத்தில் செல்லும் நெகிழ்வு முறை. நார்வீஜியன் குரூஸ் லைன் 2000ஆம் ஆண்டில் நிலையான பந்தியையே கைவிட்டு நெகிழ்வு முறைக்கு மாறியது. பிறகு மற்ற நிறுவனங்களும் அந்த வசதியைச் சேர்த்துக்கொண்டன.

ஆனால் நெகிழ்வு முறை என்றால் காத்திருக்கவே வேண்டாம் என்று பொருளில்லை. இரவு 7 மணி எல்லோருக்கும் வசதியான நேரம். அந்த நேரத்தில் முன்பதிவு இல்லாமல் ஆறு பேராகப் போய் நின்றால் காத்திருக்கத்தான் வேண்டும். இருவர் மட்டும் செல்வதானால் இந்த முறை நன்றாக இருக்கும். தாத்தா, பாட்டி, குழந்தைகள் என்று சேர்ந்து செல்லும் குடும்பத்துக்கு நிலையான பந்தியே நல்லது.

எங்க குடும்பத்துக்கு எந்த சிட்டிங் சரியா வரும்?

இதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒரே பதில் கிடையாது. ஆனால் சென்னையிலிருந்து செல்பவர்கள் முதலில் கணக்கில் எடுக்க வேண்டியது கடிகாரம். சிங்கப்பூர் நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. கப்பலில் மாலை 5.30 மணிக்கு முதல் பந்தி தொடங்கும்போது நம் வயிற்றுக்கு மணி பிற்பகல் 3. மதியச் சாப்பாடு செரித்துக்கூட இருக்காது. இரண்டாம் பந்தியின் 8 மணி நமக்கு மாலை 5.30, அதாவது டிபன் நேரம். மூன்று, நான்கு இரவுப் பயணத்தில் உடல் புதிய நேரத்துக்குப் பழகுவதற்குள் பயணமே முடிந்துவிடும் என்பதால், பெரும்பாலான சென்னைக் குடும்பங்களுக்கு இரண்டாம் பந்தியையே நான் சொல்கிறேன்.

இதற்கு விதிவிலக்குகள் உண்டு. சூரியன் மறைந்த பிறகு உண்ணாத சௌகார்பேட்டை ஜைனக் குடும்பங்களுக்கு முதல் பந்திதான் ஒரே வழி; சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய 7 மணிக்குச் சூரியன் மறைவதால், 5.30க்கு உட்கார்ந்தால் நிதானமாக முடிக்கலாம். கைக்குழந்தையோடு செல்பவர்கள், இரவு சீக்கிரம் படுக்கும் பெரியவர்கள் ஆகியோருக்கும் முதல் பந்தி ஏற்றது. ரமலான் மாதத்தில் செல்பவர்களுக்கு இரண்டு பந்திகளுமே பொருந்தாது. நோன்பு திறக்கும் நேரம் இரண்டுக்கும் நடுவில் வருவதால், நெகிழ்வு முறையையோ பஃபேயையோ தேர்ந்தெடுப்பது நல்லது.

அரங்கில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிகளைத் தவறவிடுவோமோ என்ற கவலை வேண்டாம். முதல் பந்திக்காரர்கள் சாப்பிட்ட பின்பும், இரண்டாம் பந்திக்காரர்கள் சாப்பிடுவதற்கு முன்பும் பார்க்கும்படி அதே நிகழ்ச்சி இரண்டு முறை நடத்தப்படுவதுதான் வழக்கம்.

அம்மாவுக்கு சுகர். ஊசி போட்டதும் சாப்பிடணும். கப்பல்ல அது முடியுமா?

இந்தப் பக்கத்தை எழுத எனக்குத் தோன்றியதே இந்தக் கேள்வியால்தான். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு குழுவோடு உடன் சென்றிருந்தபோது, நங்கநல்லூரிலிருந்து வந்த ஓர் அம்மா, வீட்டில் செய்வதுபோலவே அறையில் ஊசி போட்டுக்கொண்டு டைனிங் ஹாலுக்கு வந்தார். லிஃப்டில் கூட்டம், வாசலில் வரிசை, உட்கார்ந்த பிறகு மெனு அட்டை, ஆர்டர் என்று நேரம் ஓடியது. முதல் தட்டு இன்னும் வராத நிலையில் அவர் நெற்றியில் வியர்வை அரும்பியது. தண்ணீர்க் கோப்பையைப் பிடித்த கை நடுங்கியது. பக்கத்து மேசையிலிருந்த ரொட்டிக் கூடையை அவர் மகள் எழுந்துபோய் எடுத்து வந்தார். வெயிட்டர் ஆரஞ்சு ஜூஸ் கொண்டு ஓடி வந்தார். கால் மணி நேரத்தில் அவர் தெளிந்தார். ஆனால் அந்தக் கால் மணி நேரத்தை நான் மறக்கவில்லை.

டைனிங் ஹால் சாப்பாடு ஒவ்வொரு தட்டாக வருவது. உட்கார்ந்ததிலிருந்து இனிப்பு வரை ஒன்றரை மணி நேரம் ஆகலாம், முக்கிய உணவு வருவதற்கே முக்கால் மணி நேரம் ஆகலாம். ஆகவே ஊசியையும் மாத்திரையையும் எந்தக் கட்டத்தில் எடுப்பது, இரண்டரை மணி நேர வேறுபாட்டை எப்படிச் சமாளிப்பது என்பதைப் புறப்படும் முன்பே உங்கள் மருத்துவரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் இரவே வெயிட்டரிடம், இவருக்குச் சர்க்கரை நோய் உண்டு, உட்கார்ந்ததும் ரொட்டியும் சூப்பும் வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மறுநாள் முதல் நீங்கள் போகும்போதே அவை மேசையில் தயாராக இருக்கும். கைப்பையில் பிஸ்கட்டும் குளுக்கோஸும் எப்போதும் இருக்கட்டும். காத்திருக்கவே முடியாது என்ற நிலையில் உள்ளவர்களுக்கு, தட்டில் எடுத்தவுடன் சாப்பிடக்கூடிய பஃபேதான் பாதுகாப்பானது.

நாங்க கேட்ட டைம் கிடைக்கலை. கப்பல்ல ஏறி மாத்திக்கலாமா?

கேட்கலாம், ஆனால் கிடைக்கும் என்று நம்பியிருக்கக் கூடாது. கப்பலில் ஏறியவுடன், அதாவது நண்பகலிலேயே, டைனிங் ஹால் வாசலுக்குச் சென்று அங்கு இருக்கும் பொறுப்பாளரைப் பாருங்கள். மேசை மாற்றங்களுக்காக முதல் நாள் அங்கே ஒருவர் அமர்ந்திருப்பார். நேரம் தள்ளத் தள்ள வாய்ப்பு குறையும். மருத்துவக் காரணம் இருந்தால் அதைத் தயங்காமல் சொல்லுங்கள்.

இந்த அலைச்சலைத் தவிர்க்கத்தான், அறையைப் பதிவு செய்யும் நாளிலேயே பந்தியையும் உறுதி செய்துவிட வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் வற்புறுத்துகிறேன். பால்கனி அறையா, ஜன்னல் அறையா என்பதற்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள், சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு நிமிடம்கூடச் செலவிடுவதில்லை.

அஞ்சு பத்து நிமிஷம் லேட்டானா உள்ள விட மாட்டாங்களா?

ஐந்து, பத்து நிமிடம் பரவாயில்லை. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் வாசலில் தயங்குவார்கள். அரை மணி ஆகிவிட்டால் பஃபேக்குப் போகச் சொல்லக்கூடும். இது கண்டிப்புக்காகச் செய்வதில்லை. ஒரே வெயிட்டர் மூன்று, நான்கு மேசைகளுக்கும் சேர்த்து ஒவ்வொரு சுற்றாகச் சமையலறையிலிருந்து எடுத்து வருகிறார். ஒரு மேசை பின்தங்கினால் எல்லா மேசைகளும் பின்தங்கும். முதல் பந்தியாக இருந்தால், அது முடிந்து மேசை விரிப்பை மாற்றி இரண்டாம் பந்திக்குத் தயார் செய்யும் நேரமும் குறுகியது.

ஓர் இரவு வர இயலாது என்றால் முந்தைய இரவே சொல்லிவிடுவது மரியாதை. உங்களுக்காக அவர் காத்திருந்து மற்ற மேசைகளைத் தாமதப்படுத்த வேண்டியிருக்காது.

பஃபே இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கும்னு சொன்னாங்களே?

இது மிகப் பரவலான தவறான நம்பிக்கை. கப்பலில் ஏதாவது ஓரிடத்தில் ஏதாவது ஒன்று பெரும்பாலான நேரம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் முழு பஃபே அப்படியில்லை. காலை உணவு ஏறக்குறைய 7 முதல் 10.30 அல்லது 11 வரை. மதிய உணவு 11.30 அல்லது 12 முதல் 3 வரை. இரவு உணவு 5.30 அல்லது 6 முதல் 9 வரை. இடைவேளைகளில் கவுண்டர்கள் மூடப்படும். மணி 3 ஆனதும் ஊழியர்கள் ஆவி பறக்கும் தட்டுகளை வரிசையாக இழுத்தெடுத்து, கண்ணாடியைத் துடைத்து, கயிறு கட்டிவிடுவார்கள். 3.10க்குக் குளித்துவிட்டு வரும் குடும்பத்துக்குத் தேநீரும் பிஸ்கட்டும்தான் மிஞ்சும்.

சென்னைக்காரர்கள் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். நாம் ஊரில் இரவு 8.30, 9 மணிக்குச் சாப்பிடும் வழக்கமுடையவர்கள். கப்பலில் அது இரவு 11, 11.30. முதல் பந்தியில் சாப்பிட்டவர்களுக்கு அந்த நேரத்தில் மறுபடியும் நன்றாகப் பசிக்கும். அப்போது பஃபே மூடியிருக்கும். பீட்சா, சாண்ட்விச் தரும் சிறு கவுண்டர்கள் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும். அவை எந்தத் தளத்தில் உள்ளன என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அறைக்கே வரவழைக்கும் வசதியும் உண்டு, ஆனால் பல கப்பல்களில் அதற்குக் கட்டணம் பிடிப்பார்கள்.

முதல் நாள் ஏறின உடனே சாப்பாடு இருக்குமா?

இருக்கும். சென்னையிலிருந்து இரவு விமானத்தில் புறப்பட்டு விடியற்காலையில் சிங்கப்பூர் இறங்கி, சரியான உறக்கமில்லாமல் கப்பலுக்கு வருபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். அறை தயாராகப் பிற்பகல் ஆகும் என்பதால், எல்லோரும் கைப்பையோடு நேராக பஃபேக்கு ஏறுகிறார்கள். 12 முதல் 2 மணி வரை அங்கே மேசை கிடைப்பது கடினம். ஒருவர் இடத்தைப் பார்த்துக்கொள்ள, மற்றவர்கள் மாறி மாறிச் சென்று எடுத்து வருவதுதான் நடைமுறையில் உதவும். சில கப்பல்களில் அன்று மதியம் டைனிங் ஹாலும் திறந்திருக்கும். அங்கே கூட்டம் குறைவு.

பாதுகாப்புப் பயிற்சி ஒன்று கட்டாயம் உண்டு. பல கப்பல்களில் கைப்பேசியில் காணொளி பார்த்துவிட்டுக் குறிப்பிட்ட இடத்துக்குச் சென்று அட்டையைக் காட்டினால் போதும். எல்லோரையும் ஒரே நேரத்தில் அழைக்கும் கப்பல்களில், அது முடியும்வரை உணவகங்கள் மூடியிருக்கும்.

நாலு நாளும் பஃபேலயே சாப்பிட்டுக்கறோம். டைனிங் ஹாலுக்குப் போகலைன்னா தப்பா?

தவறே இல்லை, அபராதமும் இல்லை. ஆனாலும் ஓர் இரவாவது போய்ப் பாருங்கள் என்பேன். பஃபேயில் நாள் முழுவதும் தட்டைத் தூக்கிக்கொண்டு நடக்கும் நம் வீட்டுப் பெண்கள், ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்த இடத்தில் ஒருவர் பரிமாறச் சாப்பிடுவது அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய ஓய்வு.

உடை பற்றிய தயக்கம்தான் பலரைத் தடுக்கிறது. சாதாரண இரவுகளில் முழுக்கால் சட்டையும் காலர் வைத்த சட்டையும் போதும். அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், நீச்சல் உடை ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். விசேஷ உடை இரவுகளில் பட்டுப்புடவைக்கு நிகரில்லை. வேட்டிக்கு அனுமதி உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. பொது இடங்களில் வேட்டியைத் தடுக்கக் கூடாது என்று 2014இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது; அது வெளிநாட்டுக் கப்பலுக்குப் பொருந்தாது. இருந்தாலும், சட்டையோடு வெள்ளை வேட்டி கட்டிச் சென்ற என் பயணிகள் யாரையும் வாசலில் நிறுத்தியதில்லை.

சுத்த சைவம். வெறும் சாலட்தான் கிடைக்குமா?

அந்தக் காலம் போய்விட்டது. ஆசியாவிலிருந்து புறப்படும் பெரிய கப்பல்களின் பஃபேயில் இந்திய உணவுக்கென்றே ஒரு பகுதி இருப்பது வழக்கம்: பருப்பு, காய்கறிக் குழம்பு, சோறு, சில நேரம் ரொட்டி. வெள்ளைச் சோறும் இனிப்பில்லாத தயிரும் காலை உணவுப் பகுதியிலும் மதியப் பகுதியிலுமாகக் கிடைக்கும். ஊறுகாய்ப் பாக்கெட் கையில் இருந்தால் தயிர் சாதம் தயார். கரண்டிகள் மாற்றிப் போடப்படுவது உறுத்துமானால், டைனிங் ஹாலே மேல்.

டைனிங் ஹாலில் செய்ய வேண்டியது ஒன்றுதான். பதிவு செய்யும்போதே இந்திய சைவம் அல்லது ஜைன உணவு என்று குறித்துவிட்டு, முதல் இரவு ஹெட் வெயிட்டரைப் பார்த்து மீண்டும் சொல்லுங்கள். அவர் மறுநாள் மெனுவை முந்தைய இரவே கொண்டு வந்து காட்டி, எதைத் தனியாகச் செய்ய வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்வார். முட்டை சைவமில்லை, மீன் சாஸ் கூடாது, சூப்பில் கோழிச் சாறு கூடாது என்று பெயர் சொல்லி விளக்குங்கள். வெஜிடேரியன் என்ற ஒரு சொல் எல்லா நாட்டிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. இங்கேயும் நிலையான மேசைதான் கைகொடுக்கிறது: இரண்டாவது பதிலில் சொன்ன அதே வெயிட்டர் இருந்தால், ஒவ்வோர் இரவும் முதலிலிருந்து விளக்க வேண்டாம்.

பஃபேல இருந்து ரூமுக்கு எடுத்துட்டுப் போகலாமா? கரைல இறங்கறப்போ?

ஒரு தட்டில் வைத்து அறைக்கு எடுத்துச் செல்வதை யாரும் தடுப்பதில்லை. கரைக்கு எடுத்துச் செல்லக் கூடாது. பழம், இறைச்சி, பால் பொருள்கள் போன்றவற்றுக்கு ஒவ்வொரு நாட்டிலும் கட்டுப்பாடு உண்டு. குழந்தையின் பையில் மறந்துபோன ஓர் ஆப்பிள்கூடச் சுங்கத்தில் சிக்கலாகலாம்.

வீட்டிலிருந்து கொண்டு செல்வதில், பிரிக்காத கடைப் பாக்கெட்டுகளைப் பொதுவாக அனுமதிக்கிறார்கள். புளியோதரை, தோசை மிளகாய்ப்பொடி தடவிய இட்லி போன்ற வீட்டுச் சமையலை அனுமதிப்பதில்லை. ரைஸ் குக்கர், கெட்டில், தண்ணீரில் போடும் ஹீட்டர் ஆகியவை தீ அபாயம் கருதித் தடை செய்யப்பட்டவை. பெட்டியை ஸ்கேன் செய்யும்போதே எடுத்துவைத்துவிட்டு, இறங்கும் நாளில்தான் திருப்பித் தருவார்கள்.

சானிடைசர் போட்டுக்கிட்டேன். அப்புறமும் ஏன் கை கழுவச் சொல்றாங்க?

கப்பல்களில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் பரவ முக்கியக் காரணம் நோரோ வைரஸ். ஆல்கஹால் சானிடைசர் அதன்மீது சரியாக வேலை செய்வதில்லை. சோப்பும் ஓடும் தண்ணீரும்தான் அதை அகற்றும். அதனால்தான் பஃபே வாசலிலேயே குழாய் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளையும் நிறுத்திக் கழுவ வையுங்கள்.

நோய் பரவத் தொடங்கினால் பஃபேயில் நீங்களாக எடுத்துக்கொள்வதை நிறுத்திவிட்டு, ஊழியர்களே பரிமாறுவார்கள். அப்போது வரிசை நீளும். நேரம் கொஞ்சம் முன்னதாகவே செல்ல வேண்டும்.

நாங்க பன்னெண்டு பேர். ஒரே டேபிள்ல உக்காரணும்.

எல்லா அறைகளின் பதிவு எண்களையும் ஒன்றோடொன்று இணைக்கச் சொல்லுங்கள்; எல்லோரும் ஒரே பந்தியில் இருக்க வேண்டும். பன்னிரண்டு பேர் அமரும் ஒரே மேசை எல்லா ஹாலிலும் இருப்பதில்லை. அடுத்தடுத்த இரண்டு மேசைகள் கிடைத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஃபூகெட்ல இறங்கறோம். அங்க டைம் வேறயாமே, டின்னர் எந்த டைம்?

பந்தியும் பஃபேயும் எப்போதும் கப்பல் நேரப்படிதான். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே தொடர்ந்தால், ஃபூகெட் கரையில் மாலை 4.30 என்று காட்டும்போது கப்பலில் முதல் பந்தி தொடங்கிவிட்டிருக்கும். கைப்பேசி தானாகவே உள்ளூர் நேரத்துக்கு மாறிக் குழப்பும் என்பதால், கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பினாங்கில் இந்தச் சிக்கல் இல்லை. அங்கே சிங்கப்பூர் நேரமேதான்.

சென்னை துறைமுகத்துலேர்ந்து போற கப்பல்லயும் இதே கதைதானா?

2022 ஜூன் மாதம் சென்னையிலிருந்து பயணத்தைத் தொடங்கிய கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ், 1990இல் கட்டப்பட்ட, அளவில் சிறிய கப்பல். பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள் என்பதால் சைவம், ஜைன உணவு பற்றி இவ்வளவு விளக்க வேண்டியதில்லை. கடலிலேயே சுற்றித் திரும்பினாலும் இலங்கைக்குச் சென்றாலும் நேர வேறுபாடு கிடையாது. ஆகவே மேலே சொன்ன இரண்டரை மணி நேரக் கணக்கை மறந்துவிடலாம். பஃபே மூடும் நேரம், கை கழுவுதல், சர்க்கரை நோயாளிகளுக்கான ஏற்பாடு ஆகியவை அங்கேயும் அப்படியே பொருந்தும்.

கடைசி நாள் காலைல சாப்பிட்டுட்டு நிதானமா இறங்கலாமா?

நிதானத்துக்கு இடமில்லை. கப்பல் விடியற்காலையில் துறைமுகத்தை அடைந்துவிடும். அடுத்த பயணிகளுக்காக அன்று நண்பகலுக்குள் எல்லாவற்றையும் தயார் செய்ய வேண்டும். அதனால் காலை உணவு மற்ற நாள்களைவிட முன்னதாகவே தொடங்கி, 8 அல்லது 8.30க்கெல்லாம் முடிந்துவிடும். அறையையும் ஏறக்குறைய அந்த நேரத்துக்குள் காலி செய்ய வேண்டும். 6.30க்கே பஃபேக்குச் சென்றால் ஜன்னலோர மேசை கிடைக்கும். பெரியவர்கள் மாத்திரையை எடுத்துக்கொண்டு அவசரமில்லாமல் சாப்பிடலாம். அன்றைய மதியச் சாப்பாடு கப்பலில் இல்லை என்பதால், மாலை விமானத்தில் திரும்புபவர்கள் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டுவிட்டு விமான நிலையம் செல்லும்படி நேரத்தைத் திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.